எர்த் குழியில் ஒரு எலுமிச்சம்பழம்

பல்பு எரியவில்லை.

என் கையில் இருந்தது டெஸ்ட் லேம்ப். ஒரு ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு, பின்னால் இரண்டு வயர். ஒரு வயரைக் கரண்டு வரும் துளையிலும் இன்னொன்றை எர்த் துளையிலும் வைத்தால் பல்பு எரிய வேண்டும். எரிந்தால் மண்ணுக்குப் போகும் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கரண்டு தப்பித் தவறி ஏதாவது ஒரு பெட்டியின் மேல் ஏறிவிட்டாலும், தொடுகிறவர் உடம்பைத் தேடாமல் அந்த வழியாக இறங்கிப் போய்விடும்.

பத்து நாளைக்கு முன்னால் பளிச்சென்று எரிந்த பல்பு அது. அது எரியாமல் போனது திங்கட்கிழமை காலை. லேபில் இருந்த எட்டு மேஜையிலும் வைத்துப் பார்த்தேன். எட்டிலும் இருட்டு. பல்பைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். வேறு பல்பு போட்டேன். கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல் துளையில் வைத்தால் எரிகிறது. எர்த்தில் வைத்தால் செத்துப்போகிறது.

ஜவ்வாது மலை மேல் மாசி மாதக் காலைக்குளிர் பல்லைத் தட்ட வைக்கும். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வர்றாரு ஏகாம்பரம்," என்றார் வாசலில் நின்றிருந்த கோதண்டம் சார். பள்ளியின் பிசிக்ஸ் வாத்தியார் அவர்.

"தெரியும் சார். அதான் வேர்க்குது."

"நீ எப்பதான் வேர்க்காம இருந்த?"

அவர் சொன்னதும் உண்மைதான்.

எதற்கு அந்த வேர்வை

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் அரசாங்கம் நடத்திய ஒரு தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் அது. ப்ளஸ் டூ என்ற புதுப் படிப்பு வந்த சமயம். மலைக்கும் அது ஏறி வந்து, முதல் வகுப்பில் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். ஐந்து பேர் பெண்கள். பிசிக்ஸ் பிராக்டிகல் பரீட்சையை அங்கேயே நடத்த வேண்டுமென்றால், லேபின் கரண்டு ஏற்பாடு ஆபத்தில்லாதது என்று மின்சார இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

போடாவிட்டால் பிள்ளைகள் மலையிறங்கி ஏதோ ஒரு டவுன் பள்ளியில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். போகவர மூன்று நாள். பையன்கள் போய்விடுவார்கள். ஐந்து பெண்களின் வீட்டிலும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள்: கீழே அனுப்ப முடியாது. பிராக்டிகல் இல்லாவிட்டால் இரண்டு வருஷப் படிப்பும் வீண்.

அந்த ஐவரில் ஒருத்தி மல்லிகா. பள்ளி விடுதியில் சமைக்கும் வெள்ளச்சியின் மகள். தினமும் வெள்ளச்சி ஆக்கிப்போடும் சாமைச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் மகள் பரீட்சை என் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கம் எங்கிருந்து வரும்?

ஒரு வாசகர் கேட்டது

போன வாரம் செங்கம் திருவிழாவில் சீரியல் லைட் கட்டிய கதையைப் படித்துவிட்டு, "இவ்வளவு பயப்படுகிறவர் எதற்கய்யா கரண்டு வேலைக்கு வந்தீர்?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் எட்டாவதோடு நின்றவன். வறுமையால் நிற்கவில்லை. பெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் முழுப் பரீட்சைக்கே போகாமல் கரும்புத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். போகாததால் பெயில். என் பயம் இப்படித்தான், எதற்குப் பயப்படுகிறேனோ அதையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

பிறகு செங்கத்தில் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்தேன். முதல் நாளே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அணைந்திருக்கிறதா என்று மூன்று தரம் போய்ப் பார்த்தேன். மற்ற ஆட்கள் சிரித்தார்கள். காண்டிராக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இவன் பொழைச்சுக்குவான்" என்றார். மற்றவர்கள் என்னை அதிசயமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வேலை நடக்கும்போது மெயினில் இருக்கும் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஃபியூஸ் என் பையில் இருக்கும்வரை எந்தப் புண்ணியவானும் தெரியாமல் சுவிட்சைப் போட்டு என்னைப் பொசுக்க முடியாது. ஒரே ஒரு தொல்லை, மறதி. ஒருமுறை அந்த ஃபியூஸோடு பஸ் ஏறிச் செங்கம் வந்து, கைகழுவும்போதுதான் பையைத் தொட்டுப் பார்த்தேன். மலைமேல் பள்ளிக்கூடம் மூன்று நாள் இருட்டில் கிடந்தது. கோதண்டம் சார் அதைப் பிற்பாடு ஒவ்வொரு வகுப்பிலும் உதாரணமாகச் சொன்னார். எதற்கு உதாரணம் என்று நான் கேட்கவில்லை.

கடித்த பெட்டி

அந்த லேபுக்கு என்னைக் கூப்பிட்டதற்கே ஒரு காரணம் உண்டு. மஞ்சள் வெளிச்சம் தரும் சோடியம் விளக்கு என்று ஒன்று வந்திறங்கியிருந்தது. அதற்கென்று ஒரு கனத்த இரும்புப் பெட்டி. கோதண்டம் சார் ஆசை தாங்காமல், சுவரில் இருந்த சாதாரண லைட் பாயிண்டில் இரண்டு வயரைச் சொருகி அதை எரிய விட்டார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். மல்லிகா பெட்டியை நகர்த்தப் போய் "ஆ" என்று கையை உதறினாள்.

பெரிய ஷாக் இல்லை. எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக்குதான். ஆனால் விடுதி முழுக்க "பெட்டி கடிச்சுட்டுது" என்று பரவிவிட்டது.

நான் போனதும் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். தேக்குச் சட்டம் அடித்து, புதிதாக வயர் இழுத்து, மேஜைக்கு மேஜை மூன்று துளை சாக்கெட் வைத்தேன்.

"ரெண்டு துளையில கரண்டு வந்துட்டுப் போவுது. மூணாவது எதுக்குய்யா? சர்க்யூட்ல அதுக்கு வேலையே இல்லையே," என்றார் சார்.

"எல்லாம் சரியா இருந்தா அதுக்கு வேலை இல்ல சார்."

"அப்புறம்?"

"எல்லாம் எப்ப சார் சரியா இருந்துது?"

அவர் எம்.எஸ்ஸி. படித்தவர். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஃபியூஸ் போடச் சொன்னால் மர ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, வேட்டியை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு போடுவார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது அதனால்தான்.

மூன்றாவது துளை வேலை செய்ய வேண்டுமானால் வெளியே எர்த் குழி வேண்டும். ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டி, அடியில் செப்புத் தகடு வைத்து, அதைச் சுற்றி ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை அடுப்புக்கரி என்று போட்டு மூட வேண்டும். உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு குழாய்.

லேப் சுவரை ஒட்டி இரண்டு ஆட்களோடு கடப்பாறை போட்டுத் தோண்டினேன். பாதிக்கு மேல் பாறை. உப்பு மூட்டை ஜமுனாமரத்தூர் சந்தையிலிருந்து ஜீப்பில் வந்தது. கரியை வெள்ளச்சி தன் அடுப்பிலிருந்தே அள்ளிக் கூடையில் கொடுத்தாள். "இவ்ளோ கரி இன்னாத்துக்கு வயர்மேன்?" என்று கேட்டாள். "கரண்டுக்கு யக்கா" என்றேன். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மாசி மாத அமாவாசை

தகடு ஒன்றரை முழத்துக்கு ஒன்றரை முழம் இருக்கும். செம்பு என்றால் எவனாவது தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று எனக்குக் கவலை. அதனால் ஆணியால் அதன் மேல் எர்த் சின்னத்தைக் கீறினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேலிருந்து ஒரு செங்குத்துக் கோடு இறங்கும். அதன் கீழே மூன்று குறுக்குக் கோடுகள். முதல் கோடு நீளம், அடுத்தது சிறிது, கடைசிக் கோடு இன்னும் சிறிது. கீழே "12ம் வகுப்பு" என்றும் எழுதினேன். யாருடைய சொத்து என்று தெரிய வேண்டும் அல்லவா.

அதோடு விட்டிருக்கலாம். குழிக்குள் இறக்கும் நேரத்தில், பிள்ளைகள் கை வைக்கிற இடமாயிற்றே, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவித் தகட்டின் மேல் வைத்தேன். எர்த் போடும் எந்த விதியிலும் எலுமிச்சம்பழம் இல்லை. அது என் பயத்தின் விதி.

அன்றைக்கு அமாவாசை என்பதுகூட எனக்கு நினைவில்லை. உப்பு வந்த நாள் அது, அவ்வளவுதான்.

முள்ளங்கி மாதிரி

திங்கட்கிழமைக்கு வருகிறேன். பல்பு எரியாததும் எனக்கு என் மேல்தான் சந்தேகம். எங்கோ ஒரு திருகை இறுக்காமல் விட்டிருப்பேன். எட்டு மேஜை சாக்கெட்டையும் கழற்றினேன். ஜங்ஷன் பெட்டி ஒவ்வொன்றையும் திறந்தேன். செவ்வாய்க்கிழமை மதியம்வரை ஏணியில்தான் குடித்தனம்.

"நீ கழட்டறதைப் பாத்தா வியாழக்கெழமை இன்ஸ்பெக்டருக்கு வெறும் செவுரைத்தான் காட்டணும் போலக் கீது," என்றார் சார்.

உள்ளே எல்லாம் சரி. பாக்கி வெளியே குழிதான். அதை யார் தொடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். மண் மூடியது மூடியபடி இருந்தது. குழாய் நின்றது நின்றபடி. செம்புக் கம்பி மண்ணுக்குள் போனது போனபடி. சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்.

கம்பி முள்ளங்கி மாதிரிக் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒன்றுமில்லை. நுனி கொடுவாளால் வெட்டின வெட்டு.

கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால் சமையற்கட்டு வாசலில் வெள்ளச்சி. கையில் கரண்டி. அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இதுக்குள்ள ஒரு தகடு இருந்துது."

"இருந்துது."

"இப்ப இல்ல."

"எப்படி இருக்கும்? என் தம்பி சென்றாயன்தான் எடுத்தான். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"அப்புறம் ஏன் கொழாயையும் கம்பியையும் திரும்ப நட்டு வெச்சீங்க?"

"வெச்சவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வேற எடத்துல வெப்பான்."

வெச்சவன் நான்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சிறிது நேரம் அந்த மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவது போலவே பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, என் அடுப்புக் கரியவே வாங்கிக்கினு என் பொண்ணுக்கே வெக்கறியே, உனுக்கு நான் இன்னா கொறை வெச்சேன்? ரெண்டாவது தரம் சோறு கேட்டு இல்லைன்னேனா?"

"யக்கா, அது செய்வினை இல்ல."

"செப்புத் தகடு. உப்பு. கரி. பாதிப் பழம். அமாவாசை. மூணு கோடு கீறிக் கீது, ஒண்ணுக்கு ஒண்ணு சிறுத்துக்கினே போவுது. குடும்பம் தேயறதுக்கு எழுதினது. கீழ பன்னெண்டாம் வகுப்புன்னு ஆள் அடையாளம் வேற. மொதல்ல பொட்டி கடிச்சுது, அப்புறம் தகடு. இது செய்வினை இல்லைன்னா எதுய்யா செய்வினை?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பொருள்கூடக் குறையவில்லை. எனக்கே செய்வினை மாதிரிதான் இருந்தது.

பெட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே

சத்தம் கேட்டு மல்லிகாவும் வந்தாள், கோதண்டம் சாரும் வந்தார். சார் உடனே மின்னழுத்தம், மின்தடை என்று ஆரம்பித்தார். வெள்ளச்சி அவரைக் கையமர்த்தினாள். "நீங்க இருங்க சார். வெச்சது அவரு. அவரே சொல்லட்டும்."

எனக்குப் படித்தவர் வார்த்தை வராது. தெரிந்ததைச் சொன்னேன். "பொட்டிக்குள்ள கரண்டு போவுது யக்கா. உள்ள எங்கனா தோலு உரிஞ்சா அது பொட்டி மேல ஏறிடும். ஏறிட்டா சும்மா இருக்காது, மண்ணுக்குப் போவ வழி தேடும். மல்லிகா தொட்டப்ப அவ கையி, காலுன்னு வழி பண்ணிக்குச்சு. நம்ம தகடு அங்க ஈரத்தோட இருந்தா, கம்பி வழியாவே மண்ணுக்குப் போயிடும். புள்ளைங்களைத் தேடாது."

வெள்ளச்சி மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அது நம்ம பக்கத்து ஆளு."

"ஆமா யக்கா."

"பழம் இன்னாத்துக்கு?"

கோதண்டம் சாரும் ஆவலாக என்னைப் பார்த்தார். "பயம் யக்கா," என்றேன்.

முதலில் மல்லிகா சிரித்தாள். வெள்ளச்சி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள்.

வெச்சவனே எடு

தகடு ஓடையில் இருந்தது. அங்கே வழக்கம் அப்படி. எடுத்த தகட்டைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மாசியில் ஓடை நின்றுபோய், ஒரு மடுவில் மட்டும் தண்ணீர். புதன்கிழமை காலை போனோம். ஆடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழே செம்பு தகதகவென்று தெரிந்தது.

சென்றாயன் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நான் ஒருவாட்டி தொட்டதுக்கே மூணு நாள் சோறு எறங்கல. வெச்சவனே எடுக்கட்டும்."

எனக்கு நீச்சல் தெரியாது. "ஆழம் எவ்ளோ?" என்றேன்.

"இடுப்பு."

"யாரு இடுப்பு?"

என் கவலையை அவன் மதிக்கவில்லை. இறங்கினேன். குளிர் எலும்பைத் தொட்டது. குனிந்து தகட்டை எடுத்து நிமிரும்போது சட்டைப் பையிலிருந்து எதுவோ தண்ணீரில் விழுந்தது. பீங்கான் ஃபியூஸ். மறுபடியும் குனிந்தேன். கரையில் இருந்தவர்கள், ஆடு உட்பட, என்னை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

தகட்டோடு லேப் சுவருக்கு வந்ததும் வெள்ளச்சி வழியை மறித்தாள்.

"திரும்ப இங்கியா வெக்கப் போற?"

"தோண்டின குழி இருக்குதே."

"அங்க கீழ பாறை. கோடையில எலிகூட நிக்காது. ஈரம் வேணும்னு நீதான சொன்ன?"

அவள் காட்டிய இடம் சமையற்கட்டின் பின்புறம். இருநூறு பிள்ளைகள் கைகழுவுகிற தண்ணீரும், அரிசி, சாமை கழுவுகிற தண்ணீரும் ஓடிப் போய்ச் சேருகிற பள்ளம். வருஷம் முழுக்கக் கல்வாழை பச்சையாக நிற்கும். ஒரு மாதமாகத் தினமும் அதைத் தாண்டிப்போய்த்தான் நான் கைகழுவினேன். கம்பி இருபது அடி கூட ஆகுமே என்ற கணக்கில் அந்த இடம் என் கண்ணில் படவே இல்லை.

கடப்பாறை வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. உப்பு, கரி எல்லாம் மறுபடியும். கரியை வெள்ளச்சியே கொட்டினாள். "இந்தத் தடவை தெரிஞ்சே குடுக்கறேன்" என்றாள். நான் இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "பழம் எதனா வெச்சிருந்தா இங்க குடுத்துடு, ஊறுகாய்க்கு ஆவும்" என்றாள். வைத்திருந்தேன். கொடுத்துவிட்டேன்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே கம்பியை லேபுக்கு இழுத்து, டெஸ்ட் லேம்பை வைத்தேன். பல்பு எரிந்தது. முந்தின குழியில் எரிந்ததெல்லாம் ஒரு வெளிச்சமே இல்லை என்று தோன்றும்படி எரிந்தது.

தலைகீழ்ச் சின்னம்

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். சிரிப்பு என்பதைக் கீழேயே விட்டுவிட்டு மலையேறிய முகம். கைப்பிடியைச் சுற்றுகிற மீட்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார். எட்டு மேஜையும் பார்த்தார். மெயினைப் பார்த்தார். "ஃபியூஸ் ஏன் ஈரமா இருக்குது?" என்று கேட்டார். நல்லவேளையாக, பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கடைசியாக எர்த் குழி. குழி மேல் சாணம் மெழுகியிருந்தது. குழாய் வாயில் மஞ்சள். சுற்றிலும் கோலம். கோலத்தின் நடுவே அரிசி மாவில் எர்த் சின்னம். செங்குத்துக் கோடு ஒன்று, குறுக்கே மூன்று. ஆனால் மேலே சின்னக் கோடு, அதற்குக் கீழே பெரிது, அதற்கும் கீழே இன்னும் பெரிது.

இன்ஸ்பெக்டர் மீட்டரைச் சுற்றினார். முள்ளைப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார்.

"இதுக்குத் தண்ணி யாரு ஊத்தறது?"

"நான்தான் சார். தெனம் காலையில ஒரு கொடம்," என்றாள் வெள்ளச்சி. அவள் ஊற்றியது மொத்தம் ஒரு காலைதான். ஆனால் சொன்ன தோரணையில் ஏழு தலைமுறை இருந்தது.

"நான் போற எடத்துல எல்லாம் எர்த் குழி காஞ்சுபோய்க் கெடக்கும்மா. சொன்னாலும் ஒருத்தரும் ஊத்த மாட்டாங்க." பிறகு கோலத்தைக் காட்டினார். "சின்னம் தலைகீழா இருக்குதே. யார் போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "தேயற மாதிரி போட மாட்டேன் சார். புள்ளைங்க படிக்கற எடம். மேல இருந்து கீழ வளந்துக்கினே போவணும்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கோதண்டம் சாரைப் பார்த்தார். சார் ரொம்ப அக்கறையாகக் கல்வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோலத்துக்கு என்கிட்ட ரூல் இல்ல," என்று சொல்லிவிட்டு, காகிதத்தைக் கோதண்டம் சார் முதுகின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பரீட்சை அன்று

பிராக்டிகல் அன்றைக்கு நான் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் செங்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மல்லிகாவுக்குச் சீட்டில் விழுந்தது அந்த மஞ்சள் விளக்குப் பரிசோதனைதான். பீரோவிலிருந்து பெட்டியை எடுத்து வந்து வைத்தார்கள். அவள் மூன்று முள் பிளக்கைச் சொருகினாள். ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளங்கையை விரித்துப் பெட்டி மேல் முழுசாக வைத்தாள்.

வெளியே நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்: "கடிக்கல."

அவள் முகம், கை, பாவாடை தாவணி எல்லாம் மஞ்சளாக இருந்தது. ஐந்து பெண்களும் அன்றைக்கு அந்த லேபிலேயே பரீட்சை எழுதினார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ குழி போட்டுவிட்டேன். மில், ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை. ஒவ்வொரு தகட்டிலும் சின்னத்தை வெள்ளச்சி போட்ட மாதிரிதான் கீறுகிறேன். "தலைகீழா கீறிட்டியேப்பா" என்று பல என்ஜினியர்கள் திருத்தியிருக்கிறார்கள். "ஆமா சார், மறந்துட்டேன்" என்பேன். எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பதில், மூடுவதற்கு முன்னால் பக்கத்துச் சமையற்கட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டு, உள்ளே என்ன வைத்திருக்கிறேன் என்று காட்டிவிட்டுத்தான் மண் தள்ளுகிறேன்.